தலைவர் தலை கொடுத்த விழா

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோயை ஒழிக்க மருந்து வேண்டும், மருத்துவர் வேண்டும் என்று உலகம் அலைந்துகொண்டிருந்தபோது, அதற்குத் தேவை பலூன்தான் என்று முதலில் கண்டுகொண்ட பெருமை பினாங்குக்கே உரியது. கண்டுகொண்டவர் திரு. சந்திரசேகரன். ஜுருவில் பழைய கார் விற்பவர். பாலம் கடந்து தீவுக்குள் வந்துவிட்டால் 'தங்க நாடா விழிப்புணர்வு மன்ற'த்தின் நிரந்தரத் தலைவர். அவருக்கு ஆசைகள் இரண்டு. உலகக் குழந்தைகள் எல்லாம் நலமாக இருக்க வேண்டும். தமக்கு அரசு தரும் டத்தோ பட்டம் வர வேண்டும். எதை முதலில் சொல்வது என்பதில் மட்டும் அவருக்குச் சில சமயம் தடுமாற்றம் வரும்.

ஆசையில் சேராத சொத்து ஒன்றும் அவரிடம் இருந்தது. நெற்றியிலிருந்து அலைபோல எழும்பிப் பின்பக்கம் மடிந்து விழும் தலைமுடி. ஐம்பதைத் தாண்டியும் அது கன்னங்கரேலென்று இருந்ததற்கு, வெள்ளிதோறும் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவர் நடத்திய தனி 'விழிப்புணர்வு'தான் காரணம்.

மன்றத்தின் சாதனைகள் லேசுப்பட்டவை அல்ல. குழந்தைப் புற்றுநோய்க்கு அடையாளம் தங்க நிறம் என்பதால், கடற்கரைத் திடலில் தங்க நிறப் பலூன் விட்டார்கள். தங்க நிறச் சட்டை போட்டுக்கொண்டு நடந்தார்கள். தங்க நிறத்தில் கேசரி கிண்டிச் சாப்பிட்டார்கள். இத்தனை நடந்தும் நோய்க்கு மட்டும் இன்னும் விழிப்புணர்வு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து, கெலுகோரிலிருந்து டாக்டர் பெவர்லி மன்றக் கூட்டத்துக்கு வந்தார். ரத்தப் புற்றுநோய் குணமான பிள்ளைகளில் சிலருக்கு அது ஏன் மறுபடி வருகிறது என்று ஆராயும் சின்னக் குழு அவருடையது. கையிலிருந்த நிதி தீரப்போகிறது. மன்றம் கைகொடுக்காவிட்டால் ஆய்வை மூட வேண்டியதுதான். கூடவே ஷர்மினியும் மகள் அதிராவோடு வந்திருந்தாள். அதே நோய்க்குச் சிகிச்சை முடிந்து பள்ளிக்கூடம் திரும்பியவள் அதிரா. அவளுக்கு மறுபடி வருமா, வராதா? டாக்டருக்கும் இன்னும் தெரியாது.

"ஆராய்ச்சிதானே? செஞ்சிரலாம்லா," என்றார் தலைவர். "ஆனா டாக்டர், ஆராய்ச்சிய மேடையில ஏத்த முடியுமா? படத்துல விழுமா? பிள்ளையை ஏத்துவோம்."

எழுந்துபோய், விலை பேச வந்த காரைப் பார்ப்பதுபோல அதிராவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகம் சுருங்கியது.

"என்னம்மா ஷர்மினி, முடி இவ்ளோ வளந்திருக்கு?"

"காதுவரைக்கும்தாண்ணே. ரொம்ப நாளைக்கப்புறம் இப்பதான் கிளிப் மாட்டுறா."

"அதாம்மா பிரச்சினை. பாக்க நல்லா இருக்கா. நல்லா இருக்கிற பிள்ளைக்கு எவன் உண்டியல்ல ஒரு வெள்ளி காசு போடுவான்?"

செயலாளர் மேத்யூ பணிவோடு எழுதிக்கொண்டார்: 'பயனாளியின் தோற்றம், நோக்கத்துக்கு ஒவ்வாத அளவுக்கு முன்னேறியுள்ளது.'

தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பர் விழாவில் அதிராவுக்கு மேடையிலேயே மொட்டை. அது நடந்தால் வசூல் முழுக்க டாக்டரின் ஆய்வுக்கு. பிள்ளைக்குத் துணையாக, அவளுக்கு முன்னால் தலைவரும் மொட்டை போட்டுக்கொள்வார், 'அடையாளமாக'. அதாவது கத்தி நெற்றியைத் தொடும், கேமரா மின்னும், கத்தி விலகும்.

"உங்களுக்கு அடையாளம், எம்பொண்ணுக்கு மட்டும் நெசமாண்ணே?"

"தலைவருக்கு நெசமாப் போட்டா பதவிக்கு மரியாதை என்னாகும்மா?"

ஷர்மினி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் தரையைப் பார்த்தார். அதிரா கிளிப்பைக் கழற்றி அம்மா கையில் கொடுத்தாள்.

"பரவாலம்மா. எனக்குப் பழக்கந்தானே."

விழா நாளும் வந்தது. மழிக்க வந்தவர் நல்லமுத்து. தைப்பூசம் தவறாமல் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் உட்கார்ந்து, நேர்ந்துகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் முடி இறக்குபவர். மேத்யூ அவரிடம் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார்.

"தொட்டுட்டு எடுத்துருங்கண்ணே."

"சரி தம்பி."

தலைவர் மேடையில் அமர்ந்தார். நல்லமுத்து தலையில் தண்ணீர் தெளித்தார். விழாவுக்குக் களை கட்ட வேண்டுமென்று அழைத்திருந்த உறுமி மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள்.

"சார், கண்ண மூடுங்க!" என்றார் படம் எடுப்பவர். "கை கூப்புங்க. இன்னும் கொஞ்சம் உருக்கமா. ஆங், அசையாதீங்க!"

கூட்டத்தில் யாரோ பழக்கதோஷத்தில் "வேல்! வேல்!" என்றார்கள். மண்டபமே திருப்பிச் சொன்னது. முன்வரிசையில் இருந்த மாதா கோயில் ரீத்தா அக்காகூடச் சொன்னார்.

நனைந்த தலை, மூடிய கண், கூப்பிய கை, உறுமி, வேல் வேல். இவ்வளவும் கூடிவிட்டால் நல்லமுத்துவின் கைக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். உச்சியிலிருந்து நெற்றிவரை ஓர் இழுப்பு. தலையில் பரவிய குளிர்ச்சியை மக்கள் அன்பு என்றே தலைவர் நினைத்தார். மடியில் அலை ஒன்று வந்து விழுந்தபோதுதான் கண்ணைத் திறந்தார்.

"யோவ்! என்னய்யா பண்ற?"

"ஆடாதீங்கய்யா. பாதியில விட்டா சாமி குத்தம்."

தலையை முழங்கையில் இடுக்கிக்கொண்டு, மிச்சத்தையும் இறக்கி, சந்தனமும் பூசிவிட்டுத்தான் விட்டார் நல்லமுத்து. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. உண்டியல் நிரம்பி வழிந்தது. அந்த ஆரவாரத்தில் அதிராவை எல்லாரும் மறந்துபோனார்கள்.

மேடைக்குப் பின்னால் அவசரக் கூட்டம் கூடியது. இத்தனை காலம் மன்றத்துக்குக் கைவராத ஆராய்ச்சி, ஒரு கோப்பை தே தாரேக் டீ ஆறுவதற்குள் கைவந்தது. தலைவரின் தோற்றமே மன்றத்தின் தோற்றம் என்பதாலும், பட்டத்துக்குப் படம் எடுக்கும் காலம் நெருங்குவதாலும், முடி வளர்ப்பதில் 'ஆராய்ச்சி' செய்யும் கோலாலம்பூர் கிளினிக் ஒன்றுக்குத் தலைவரை உடனே அனுப்புவது. செலவை இன்றைய வசூலிலிருந்து, 'ஆராய்ச்சி நிதி' என்ற தலைப்பில் எடுப்பது. ஏகமனதாக நிறைவேறியது.

"அப்ப எங்க ஆய்வு?" என்றார் டாக்டர் பெவர்லி.

மேத்யூ வருத்தத்தோடு சொன்னார். "பொண்ணுக்குத்தான் மொட்டை போடலையே டாக்டர். பேச்சு அதுதானே?"

தலைவர் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. சந்தனத் தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தார். அதிரா அவர் பக்கத்தில் போய் நின்றாள். கிளிப் மறுபடி அவள் தலையில் இருந்தது.

"அழாதீங்க அங்கிள். மொதல்ல குளுரும், அப்புறம் அரிக்கும், அப்புறம் தானா திரும்ப வந்துரும். எனக்கு வந்துச்சே. அதுக்கு யாரும் ஒண்ணும் கண்டுபிடிக்க வேணாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் டாக்டரைக் காட்டினாள்.

"இவங்க கண்டுபிடிக்கிறது வேற. தானா திரும்ப வர்றது முடி மட்டும் இல்ல அங்கிள்."