எலுமிச்சம்பழம் தேவைப்படாத ஊர்

தூரத்தை அளக்க மைல், கிலோமீட்டர் என்று யார் யாரோ பாடுபட்டிருக்கிறார்கள். எலுமிச்சம்பழத்தால் அளந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் கள்ளக்குறிச்சியில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

கல்வராயன் மலை ஏறும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். வளைவுகளில் தலை சுற்றுகிறவர்கள் முகர்ந்துகொள்ள, டிக்கெட்டோடு ஒரு பழமும் கொடுப்பார். அதனால் ஊருக்கே அவர் ‘எலுமிச்சை’. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பமாட்டார். கச்சிராயபாளையத்துக்குப் பழம் வேண்டாம், ஆகவே பக்கம். வெள்ளிமலை ஒரு பழம், ஆகவே தூரம். அவருடைய பூகோளம் அவ்வளவுதான்.

மகள் தமிழரசி எங்கள் தெருவின் முதல் நர்ஸ். சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. “அம்மாந்தூரம் எம் பொண்ண அனுப்பமாட்டேன்” என்று அவள் அம்மா பச்சையம்மாள் உலை வைப்பதையே நிறுத்திவிட்டார்.

எலுமிச்சை என்னையும் இழுத்துக்கொண்டு விமான டிக்கெட் போடும் கடைக்குப் போனார்.

“சென்னையிலேர்ந்து மூவாயிரம் கிலோமீட்டர் கிட்ட வரும்ங்க. நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் ஜாஸ்தி ஆவும்” என்றார் கடைக்காரர்.

“அத வுடுப்பா. வளைவு எத்தினி?”

“ஆகாசத்துல ஏதுங்க வளைவு?”

எலுமிச்சை அங்கே நிற்கவே இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம், “உங்க அண்ணன் வூட்டுக்கு வெள்ளிமலை போறதுக்கே பழம் வேணும். சிங்கப்பூருக்குப் பழமே வாணாம். எது கிட்ட, நீயே சொல்லு” என்றார்.

மறுநாள் உலை கொதித்தது.

வழியனுப்பத் தெருவே வேன் பிடித்துக்கொண்டு மீனம்பாக்கம் போனோம். காலை விமானம். வெளியே நின்று, “அதோ போறா” என்று எலுமிச்சை காட்டிய நாலைந்து விமானங்களுக்கும் மனசாரக் கையாட்டினோம்.

திரும்பும்போது டீ, சாப்பாடு, போதாததற்கு ஒரு பஞ்சர். விழுப்புரத்தையே தொடவில்லை, என் செல்போன் அடித்தது. தமிழரசிதான். எலுமிச்சையிடம் கொடுத்தேன்.

“அப்பா, வந்து சேந்துட்டேன். நீங்க வூட்டுக்குப் போய்ட்டீங்களா?”

“இல்லம்மா. வந்துக்கினே இருக்குறோம்.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேன் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “எம் பொண்ணு கடலத் தாண்டிட்டா. நாம இன்னும் விழுப்புரம் தாண்டல.” சுங்கச்சாவடியில் சீட்டு கொடுத்தவரிடமும் அதையே சொன்னார். எனக்கும் பெருமை தாங்கவில்லை, என் மகளே போய்ச் சேர்ந்ததுபோல இருந்தது.

பச்சையம்மாள் மட்டும் மெதுவாகக் கேட்டார். “அப்ப, கூப்ட்டா நாலு மணி நேரத்துல வந்துடுவா, இல்ல?”

“வந்துடுவா” என்றார் எலுமிச்சை.

சாலை நேராகப் போய்க்கொண்டிருந்தது, ஒரு வளைவுகூட இல்லை. அத்தனை வருஷம் மலை ஏறியும் தனக்கென்று ஒரு பழம் எடுத்திராத மனிதர், சட்டைப்பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டார்.

சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், ஒரு பழத் தூரம் என்றுதான் இன்றும் சொல்கிறேன்.