தொப்பூர் உச்சியில் ஒரு பச்சைப் புள்ளி

பச்சைப் புள்ளி தொப்பூர் கணவாயின் உச்சிக்கு வந்து நின்ற நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் திரை நீலமாக மாறியது. அதில் ஆங்கிலத்தில் ஏதோ வருத்தம் தெரிவித்திருந்தார்கள். சந்திரசேகருக்கு அந்த வருத்தம் தேவைப்படவில்லை. அவருக்குப் புள்ளி வேண்டும்.

புள்ளி என்றால் அவருடைய லாரி. நாமக்கல்லில் பத்து லாரி, இருபது லாரி வைத்திருப்பவர்களெல்லாம் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். ஒரே ஒரு லாரி வைத்திருக்கும் சந்திரசேகர் தூங்குவதில்லை. போன ஆடியில் ஜிபிஎஸ் பெட்டி மாட்டச் சொல்லி வண்டியைப் பட்டறைக்கு அனுப்பினார். அன்றிலிருந்து அவர் வீட்டில் டிவி ஓடியதில்லை. முன்னறையில் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டரில் மேப், மேப்பில் புள்ளி. புள்ளி நின்றால் உடனே டிரைவருக்குப் போன் போகும்.

"ஏன்டா அம்மாசி, தும்கூர்ல இவ்வளவு நேரமா என்னடா பண்ற?"

அம்மாசி எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள்வான். அதில் சந்திரசேகருக்கு ஒரு திருப்தி.

இப்போது அவன் நாசிக்கிலிருந்து வெங்காயம் ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறான். விடிந்ததிலிருந்து அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகளைப் பற்றி நாமக்கல்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

சற்று நேரம் அணைத்து வைத்துவிட்டுப் போடச் சொன்னாள் மனைவி மலர்விழி. அந்தப் பொறுமை யாருக்கு இருக்கிறது? சுவரிலிருந்த ஒயரைப் பிடுங்கி, பிடுங்கிய வேகத்திலேயே சொருகினார். நீலமும் போய்த் திரை கறுப்பானது.

மெக்கானிக் வந்தான். அவன் பெயர் அறிவு. கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஃபார்மட் அடித்தால்தான் வேலை செய்யும் என்றான். எதையாவது அடித்துத் தொலை என்றார் சந்திரசேகர். அடித்தான். கம்ப்யூட்டர் புதுசு போல எழுந்து உட்கார்ந்தது. புதுசு என்பதால் அதற்கு எதுவுமே தெரியவில்லை. ஜிபிஎஸ் பக்கத்தைத் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்டது.

"பாஸ்வேர்டச் சொல்லுங்கண்ணா."

"நீதானப்பா போட்டுக் குடுத்த."

"நான் ஊரெல்லாம் போட்டுக் குடுக்கறேனுங்க. எல்லாத்தையும் நானே ஞாபகம் வச்சிருக்க முடியுங்களா? கம்ப்யூட்டரைத்தான் வச்சுக்கச் சொல்லியிருந்தேன்."

அந்த ஞாபகத்தைத்தான் சற்று முன் அவனே துடைத்திருந்தான். செல்போனில் பார்க்கலாமென்றால் அதுவும் அதே பாஸ்வேர்டைக் கேட்டது.

மறந்துவிட்டேன் என்று அழுத்தினால் ஓடிபி வரும் என்றான் அறிவு. அழுத்தினார்கள். மூன்று பேரும் போனையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் வரவில்லை. மறுபடியும் அழுத்தினார்கள். அப்புறம்தான் எந்த நம்பருக்கு அனுப்புகிறார்கள் என்று அறிவு திரையில் உற்றுப் பார்த்து, கடைசி எண்களைப் படித்துக் காட்டினான். சந்திரசேகர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அது அவருடைய பழைய நம்பர். ஜிபிஎஸ் பெட்டிக்குள் போட ஒரு சிம் வேண்டுமென்று பட்டறையில் கேட்டபோது, புதிதாக எதற்கு வாங்குவது என்று சும்மா கிடந்த பழைய சிம்மைக் கொடுத்தனுப்பியிருந்தார். பட்டறையில் கணக்கையும் அதே நம்பரிலேயே பதிந்துவிட்டார்கள். ஆக, ஓடிபி ஒவ்வொன்றும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துகொண்டுதான் இருந்தது, லாரிக்குள். லாரி எங்கே என்று தெரிய ஓடிபி வேண்டும். ஓடிபி கிடைக்க லாரி வேண்டும். மலர்விழி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

அறிவுக்கு இன்னொரு யோசனை வந்தது. அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கிவிட்டால் ஓடிபி கைக்கே வந்துவிடும். சந்திரசேகர் போன் கம்பெனி ஆபீசுக்குப் பறந்தார். வரிசையில் நின்றார், ஆதாரைக் காட்டினார், கட்டைவிரலை வைத்தார். புது சிம் வேலை செய்ய ஆரம்பித்த பிறகு கவுண்டரில் இருந்த பெண் பணிவாகச் சொன்னாள்.

"மெசேஜ் மட்டும் நாளைக்குத்தான் சார் வரும். பாதுகாப்புக்காக அப்படி."

"அப்ப பழைய சிம்மு?"

"அது இப்பவே கட்டாயிடுச்சு சார்."

லாரியிலிருந்த பெட்டியைத் தன் கட்டைவிரலாலேயே கொன்றுவிட்டு அவர் வீடு திரும்பினார்.

போன் என்பது பேசவும் பயன்படும் என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது. மணியன் என்று இன்னொரு முதலாளியின் டிரைவர் இருக்கிறான். இரண்டு வண்டிக்கும் ஒரே புக்கிங் ஆபீஸ், ஒரே நாசிக் லைன், ஊருக்கு வந்தால் நிறுத்துவதும் ஒரே பங்க்கில்தான். மணியனைக் கூப்பிட்டார். அவன் உடனே எடுத்தான்.

"தொப்பூர் உச்சியில நிக்கறேனுங்க. டயர் வெடிச்சுப் போச்சு."

"பக்கத்துல நம்ம வண்டி நிக்குதா பாரு."

"இல்லீங்களே. காத்தாலயிருந்து இங்கதான் கெடக்கறேன். உங்க வண்டியக் கண்ணுலயே பாக்கலீங்க."

புள்ளி அங்கேதான் நின்றது. அதை இரண்டு கண்ணாலும் பார்த்தவர் சந்திரசேகர். ஆனால் அங்கே வண்டி இல்லை. ரோட்டில் இல்லையென்றால் அப்புறம் பள்ளம்தான்.

"ஒரு டீ குடிச்சதுக்கு நேத்து அவனை அந்தப் பேச்சுப் பேசிப்போட்டனே மலரு" என்றார். "வண்டி போனாப் போகுது. அவன் உசுரோட வந்தாப் போதும்."

மலர்விழியின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. சந்திரசேகர் செருப்புக்கூடப் போடாமல் பைக்கை எடுத்தார். தெருமுனை தாண்டுவதற்குள் எதிரே ஒரு லாரி திரும்பியது. அவருடைய லாரி. உள்ளே அம்மாசி, முழுசாக.

அவன் இறங்கி வந்து, போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிட்டதைச் சொன்னான். ராத்திரியே தொப்பூர் இறங்கி, சேலம் மார்க்கெட்டில் வெங்காயத்தை இறக்கிவிட்டு வருவதாகவும் சொன்னான். சந்திரசேகர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவன் மேல் வெங்காய வாடை அடித்ததால் கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கண்ணைத் துடைத்த கையோடு பழைய சந்திரசேகர் திரும்பி வந்துவிட்டார். ராத்திரியே இறங்கிய வண்டி காலையில் எப்படி உச்சியில் நிற்கும்? விறுவிறுவென்று வண்டிக்குள் ஏறி, டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். ஒயர்கள்தான் கைக்கு வந்தன.

"பொட்டி எங்கடா?"

அம்மாசி தலையைச் சொறிந்தான்.

"அது மணியன் வண்டியில இருக்குதுங்க. ரெண்டு வண்டியும் பட்டறையில பக்கத்துப் பக்கத்துல நின்னுச்சா, அப்பவே மாத்தி மாட்டிப்போட்டாங்க. மொத வாரமே சொன்னனுங்க, கம்ப்யூட்டரு பொய் சொல்லாதுன்னு போனை வச்சுட்டீங்க. இத்தன மாசமா டீக்கடையில நின்னதெல்லாம் அவனுங்க, திட்டு வாங்குனது மட்டுந்தான் நானுங்க."