மூன்றாவது காற்றாடி

"நாசமாப் போச்சு! திரும்பவும் நிண்டுட்டுது!"

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி பஞ்சலிங்கம் மேசையில் குத்தினார். எதிரே கம்ப்யூட்டர் கறுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தது. வந்த புதிதில் நாள் முழுக்க ஓடிய பெட்டி, இப்போது அரை மணிக்குள் கொதித்து அணைந்துவிடுகிறது.

ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எண்பத்தாறாம் ஆண்டு இறங்கிய முதல் கம்ப்யூட்டர் அது. வெள்ளிக்கிழமை ஈப்போவிலிருந்து பெரிய துரை வருகிறார். அவர் கண்ணெதிரே முந்நூறு பேரின் செக்ரோல் சம்பளப் பட்டியலையும் அது அச்சடித்துக் காட்டினால் பஞ்சலிங்கத்துக்கு ஈப்போவில் பதவி. தவறினால் பெட்டியும் பதவியும் செமோர் தோட்டத்துக் கிராணி இராஜசிங்கத்துக்கு. இராஜசிங்கம் அவருடைய மைத்துனர். எரிச்சலே அங்கேதான்.

அதனால்தான் ஆயுத பூசையன்று லாரிக்கும் டிராக்டருக்கும் ஆளுக்கொரு பொட்டு வைத்தவர், கம்ப்யூட்டருக்கு மட்டும் மாலை, தேங்காய், தனி அர்ச்சனை என்று அமர்க்களப்படுத்தினார். ஆபீஸ் கூட்டும் இருளாயியைக் கூப்பிட்டு, "இது சரஸ்வதி. வாற வெள்ளிக்கிழமை வரைக்கும் இதில சந்தனம் காயப்படாது. விளங்குதோ?" என்று கட்டளையும் போட்டார்.

மறுநாளே சூடு ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப் ராஜுவுக்கு ஆள் போனது.

"சூடு அடியிலதான். தூக்கி வை, காத்து போகட்டும்," என்றார் பஞ்சலிங்கம்.

"ஐயா, எதுக்கும் பின்னாடி ஒருக்கா பாத்துட்டு..."

"நீ எத்தனை கம்ப்யூட்டர் பாத்தனி? நான் புத்தகம் படிச்சவன். சுவரோட ஒட்டி இருக்கிறது அப்படியே இருக்கட்டும். அடியில பார்!"

ராஜு ரப்பர் பால் பிடிக்கும் மங்குகள் நாலைக் கவிழ்த்து, அவற்றின்மேல் பெட்டியை ஏற்றினான். அன்றைக்கு இருபத்தைந்து நிமிடம் ஓடியது.

"காத்துப் போதாது," என்றார் கிராணி.

மறுநாள் மங்குகளின் மேல் ஒரு பலகை வந்தது. பலகையில் நாற்பது ஓட்டை. அடியில் மல்லாக்கப் படுத்த மேசைக் காற்றாடி. அதைப் போட்டதும் செக்ரோல் தாள்கள் எழுந்து பறந்து, பாதி வெளியே கால்வாயில் இறங்கின. பெட்டி பதினைந்து நிமிடத்தில் அணைந்தது.

"காத்து கூடுனா சூடும் கூடுதேய்யா! இது என்ன அடுப்பா லா, ஊதுனா எரியுறதுக்கு?" என்றான் ராஜு.

"வாயைப் பொத்து! இன்னொரு காத்தாடி கொண்டா!"

இரண்டாவது காற்றாடி இடப்பக்கம் நின்றது. காற்று சிதறாமலிருக்க பிஸ்கட் தகரத்தை வெட்டிக் குழாயாக்கினார்கள். பத்தே நிமிடம். அறை முழுக்கக் கோயில் வாசனை வீசியது.

"பாத்தியே, அம்பாள் இறங்கிட்டா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் பஞ்சலிங்கம்.

வெள்ளிக்கிழமை வந்தது. மனைவி அம்பிகை ஆசையாக வாங்கிய புது நிற்கும் காற்றாடியை வீட்டிலிருந்து பிடுங்கி வந்து வலப்பக்கம் நிறுத்தினார். மூன்றும் சேர்ந்து ஓடியபோது ஆபீஸ் அப்படியே மேலே கிளம்பிப் பறந்துவிடும் போலிருந்தது.

பெரிய துரை தொப்பியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி உள்ளே வந்தார். பஞ்சலிங்கம் 'காற்றோட்டத் தத்துவம்' பற்றி ஆங்கிலத்தில் முழங்கினார். அச்சு இயந்திரம் 'அப்பாவு, அர்ச்சுனன்' என்று இரண்டு பேரை அடித்தது. மூன்றாவது பேர் வருவதற்குள் பெட்டி 'டப்'.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு நிமிடம். செமோருக்கு அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு, தொப்பியை விடாமல் காருக்கு நடந்தார்.

பஞ்சலிங்கம் நாற்காலியில் சரிந்தார். காற்றாடிகள் மூன்றும் அவர் வேட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில் இருளாயி ஒரு பித்தளைக் கிண்ணத்தோடு அவரைத் தாண்டிப் போய், சுவருக்கும் பெட்டிக்கும் இடையே கையை விட்டாள்.

"ஏய்! அங்க என்ன செய்யிறாய்?"

"சந்தனம்யா. பின்னாடி சல்லடை சல்லடையா ஓட்டை இருக்கில்ல, அதுலதான் நல்லா அப்பி வச்சிருக்கேன்" என்றாள் இருளாயி, நெற்றி வியர்வையைத் துடைத்தபடி. "மொதல்ல காலையில ஒருவாட்டி அப்புனா போதும், நீங்க காத்தாடி வைக்க வைக்க வெரசாக் காஞ்சு போவுது, இப்ப ஒரு நாளைக்கு அஞ்சு வாட்டி அப்புறேன்!"