எருமைக்குத் தொப்பி வைத்த பத்திரிகை

வாடிக்கையாளரை விரட்டியே ஒரு கடையை வெற்றிகரமாக நடத்தலாம் என்று உலகுக்கு நிரூபித்தவர், செகந்திராபாத் திருமுல்கேரியில் எங்கள் தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நக்கோ அக்கா. உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. தெருவில் யாருக்குமே தெரியாது. எதை நீட்டினாலும் முதலில் "நக்கோ" என்பார். இந்த ஊர் இந்தியில் "வேண்டாம்" என்று அர்த்தம். அக்காவின் குடும்பம் இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகிறது. தமிழ் மட்டும் இன்னும் வேலூரை விட்டுக் கிளம்பவில்லை.

படிக்காமல் எதையும் அச்சடிக்க மாட்டார். படித்துப் பிடிக்காவிட்டாலும் அச்சடிக்க மாட்டார். ஒருமுறை கல்யாண பயோடேட்டா கொண்டுவந்த ஒருவர் உயரம் ஆறடி என்று போட்டிருந்தார். அக்கா கதவைக் காட்டினார்.

"இந்தக் கதவு ஆறடி. பக்கத்துல நில்லுங்க சார், பாக்கலாம்."

ஆறடியாக உள்ளே வந்தவர், ஐந்தடி ஏழங்குலமாக வெளியே போனார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகள் நிலாவின் ஏழாவது பிறந்தநாள் அழைப்பிதழை எடுத்துக்கொண்டு, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். மல்லாபூரிலிருந்து வீடு மாறி, வருஷத்தின் நடுவில் அவளைப் புதுப் பள்ளியில் சேர்த்திருந்தோம். தினமும் சாயங்காலம் "யாரோட சாப்பிட்ட?" என்று கேட்பேன். "அகேலே," தனியாக, என்பாள். தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்வது அவள் வழக்கம். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு இரண்டு கிலோ குறைந்திருந்தது. அவளைத் தவிர வகுப்பில் இருபத்துநான்கு பேர். எல்லோரையும் கூப்பிடுவது என்று முடிவு செய்தேன். ஒருவரும் வராவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை.

கார்டை நிலாவே வரைந்திருந்தாள். பிறந்தநாள் தொப்பி போட்ட ஓர் எருமை.

"அக்கா, எருமைக்குப் பதிலா ஒரு பட்டாம்பூச்சி வெச்சிடலாமா? பிள்ளைகளை எருமைன்னு சொல்றோம்னு யாராவது நெனச்சுட்டா?"

"மம்மா, பஃபலோ ஹீ சாஹியே!" என்றாள் நிலா. எருமையேதான் வேண்டுமாம்.

"கைக்குமா? எதுக்கு மாத்தணும்? எருமை சோக்கா சிரிக்குது. பட்டாம்பூச்சி எந்த ஊர்ல சிரிச்சுது?" என்ற அக்கா, எருமைக்குக் கீழே நான் எழுதியிருந்ததைப் படிக்க ஆரம்பித்தார். பரிசு வேண்டாம். நிலக்கடலை ஒவ்வாதவர்கள் முன்கூட்டிச் சொல்லவும். லிப்ட் வேலை செய்யவில்லை, மன்னிக்கவும். பெற்றோரும் தங்கலாம். தங்காவிட்டாலும் பரவாயில்லை.

"இன்னாம்மா இது, பர்த்டேவா டெண்டர் நோட்டீஸா? நக்கோ." எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பெயர், நாள், நேரம், விலாசம் மட்டும் மிச்சம் வைத்தார்.

நேரத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஞாயிறு நாலரை என்று போட்டிருந்தேன். திருச்சியிலிருந்து மாமியார் போனில், "ஏம்மா, நாலரைலேருந்து ஆறு வரைக்கும் ராகு காலம். அதுலயா கேக்கு வெட்டுவே?" என்றார். நாலு மணி என்று மாற்றினேன். பிள்ளைகள் வந்து உட்காருவதற்குள் நாலரை ஆகிவிடுமே என்று ஆறுக்கு மாற்றினேன். ஆறு மணிக்குச் சின்னப் பிள்ளைகளை அனுப்புவார்களா என்று மறுபடி நாலு. ஐந்தாவது தடவை அக்கா மவுஸைக் கீழே வைத்தார்.

"ஒரு தாள்ல ரெண்டு கார்டு வரும். ஒண்ணுல நாலு போடறேன், ஒண்ணுல ஆறு போடறேன். வீட்டுக்குப் போய் யோசி. எது வேணுமோ அதை வெச்சிக்கோ, மிச்சத்தைக் கிழிச்சிடு."

நான் வீட்டுக்குப் போய் யோசித்துக்கொண்டே இருந்தேன். நிலா யோசிக்கவில்லை. தாள்களை வெட்டி, கைக்கு வந்த கார்டுகளிலெல்லாம் எருமைக்கு வண்ணம் தீட்டி, மறுநாள் வகுப்பில் இருபத்துநான்கையும் கொடுத்துவிட்டு வந்தாள். மிச்சத்தை எண்ணிப் பார்த்தபோதுதான் புரிந்தது: பாதிப் பேருக்கு நாலு மணி, பாதிப் பேருக்கு ஆறு மணி.

வகுப்பு வாட்ஸாப் குழுவில் திருத்தம் போட எழுதினேன், அழித்தேன், எழுதினேன். கடைசியில் அக்காவிடம் ஓடினேன்.

"ஒண்ணும் போடாதே," என்றார். "ஒரே டைம் போட்டிருந்தா, ஆளு வரலைன்னா அவ்ளோதான். இப்ப உனக்கு ரெண்டு சான்ஸ் கீது."

இதைவிட மோசமான ஆறுதலை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனாலும் திருத்தம் போடவில்லை.

ஞாயிறு நாலு மணிக்கு முதலில் வந்தது அக்காதான். நிலா அவருக்கும் "நக்கோ அக்கா" என்று பேர் எழுதி ஒரு கார்டு கொடுத்திருக்கிறாள். அதில் நாலு என்று இருந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர்போல சோபாவில் நேராக உட்கார்ந்தார். நாலேகால் ஆனது. நிலா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சமையலறையில் நின்று, கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினேன்.

நாலரைக்கு ஒரே ஒரு குழந்தை வந்தது. ஸ்ரீஜா. வகுப்பில் வாயே திறக்காதவள் என்று அவள் அப்பாவே சொல்லிவிட்டு, மூச்சிரைக்கப் படி இறங்கிப் போனார். நாலு மணி கார்டு வாங்கிய வேறு யாரும் வரவில்லை. நிலாவும் ஸ்ரீஜாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா பையிலிருந்து ஒரு கட்டு வெற்றுத்தாளை எடுத்துத் தரையில் போட்டார்.

"சும்மா நிக்கறதுக்கா வந்தீங்க? வரைங்க. நல்லா இல்லேன்னா திருப்பிக் குடுப்பேன்."

திருப்பியும் கொடுத்தார். "இந்த ஆட்டோவுக்கு பிரேக் எங்கே? நக்கோ!" இருவரும் அக்காவைத் திட்டுவதில் ஒன்று சேர்ந்தார்கள். திட்டல் சிரிப்பானது. ராகு காலம் முழுக்க, என் கூடத்தில் இரண்டு குழந்தைகள் ஒரே தாளில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

ஆறு மணிக்கு ஒன்பது பேர் திமுதிமுவென்று வந்து சேர்ந்தார்கள். கேக் வெட்டியபோது நிலா கத்திப் பிடியில் பாதியை ஸ்ரீஜாவுக்குக் கொடுத்தாள். ஒன்பது பேரும் முதலிலேயே வந்திருந்தால் ஸ்ரீஜா சுவரோடு சுவராக நின்றுவிட்டுப் போயிருப்பாள். என் மகளும்தான்.

கிளம்பும்போது அக்கா செருப்பைத் தேடியபடி, "எத்தனையோ பேரு வீட்டுக் கல்யாணத்துக்கு அடிச்சிருக்கேன். என் பேரு எழுதி ஒண்ணுகூட எனக்கு வந்ததில்ல," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டார்.

நிலா கொடுத்த அந்தக் கார்டு இப்போது லேமினேட் ஆகி, கடையில் மெஷினுக்கு மேலே தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள், "சாம்பிளா மேடம்?" என்று கேட்பார்கள்.

"சாம்பிள் இல்ல. எனக்கு வந்த பத்திரிகை," என்பார் அக்கா.

அதைக் கேட்பதற்காகவே, சில நாட்கள், தேவையே இல்லாத ஒரு ஜெராக்ஸ் எடுக்க நான் போவதுண்டு.