குழாய்க்குக் கட்டிய மப்ளர்

குழாய்க்குச் சளி பிடிக்கும் என்று நம்பிய ஒரே மனிதர் இந்த உலகத்தில் டாங்கிக் காக்காதான். அதிராம்பட்டினத்துப் பக்கம் காக்கா என்றால் அண்ணன். அவர் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ரேஷன் கடையில்கூட, "டாங்கிக்குச் சீனி போடுப்பா" என்றுதான் சத்தம் வரும்.

கால்வாயில் கட்டிக் கிடந்த ஒரு பழைய லாஞ்சுக்கு அவர் காவல். ஐப்பசி பிறந்தால் லாஞ்சுகள் கடலுக்குப் போகாது. மற்றவர்கள் எஞ்சினை மூடிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். காக்கா குடிதண்ணீர் டாங்கியைத் திறப்பார். கடைசிச் சொட்டுவரை வடிப்பார். புளியும் தேங்காய்நாரும் போட்டுத் தேய்ப்பார். கழுவித் துடைத்துக் காயவைத்து, பல்லி புகாமல் வாயை அடைத்து, குழாய்க்குப் பச்சை மப்ளர் ஒன்றைச் சுற்றுவார். தை பிறக்கும்வரை உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருக்கக் கூடாது. அது சட்டம்.

நான் அந்த ஊருக்கு டீச்சராக மாற்றலாகி வந்திருந்தேன். கணவர் துபாயில். மகளுக்கு ஆறு மாதம். பேச ஆளில்லாத வீட்டில் என் சந்தேகங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். பால் ஒத்துக்கொள்ளுமா, தண்ணீர் சரியாகக் கொதித்ததா, மூடியைத் திறந்து பார்த்ததில் ஆறிவிட்டதா?

ஒருநாள் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு குரல். "டீச்சர், புள்ளைக்குக் காட்டினது போக கங்கு மிச்சம் இருக்கா? எம்புள்ளைக்கும் வேணும்."

"உங்க பிள்ளைக்கு எத்தனை மாசம், காக்கா?"

"டாங்கிக்கு ஏது டீச்சர் மாசம்?"

அன்றே என்னை வேலைக்கும் எடுத்துக்கொண்டார். கழற்றிய செம்புக்குழாயின் ஒரு முனையில் அவர் ஊத வேண்டும். மறுமுனையில், இடுப்பில் பிள்ளையோடு நான் உள்ளங்கையைக் காட்ட வேண்டும்.

"காத்து வருதா?"

"வருது."

"ஈரமா, காஞ்சதா?"

யோசித்தேன். "சரியாச் சொல்லத் தெரியலையே."

"படிச்சவுக இப்படிச் சொன்னா எப்படி?" என்று மறுபடி ஊதினார். பிள்ளை தும்மியது. "பாத்தீகளா, குழாச் சளி ஒட்டிக்கிச்சு!" என்றார். அறிவியல் பாடம் நடத்துகிறவள்தான். இருந்தும் வீட்டுக்கு வந்ததும் பிள்ளைக்கு மப்ளர் கட்டினேன்.

லாஞ்சு முதலாளிக்குத் திருத்துறைப்பூண்டியில் நிலம். கூலித் தகராறு, உச்சவரம்பு வழக்கு என்று அலைந்ததில் லாஞ்சையே மறந்துவிட்டார். எஞ்சின் ஓடி வருடங்களாகிவிட்டன. காக்கா விடவில்லை. வயலில் ஆட்கள் கொடி பிடித்து நிற்க, எதிரே முதலாளி போலீசோடு நிற்க, நடுவில் போய், "மொதலாளி, குழாய்க்கு ஒரு வாஷர் வேணும்" என்றிருக்கிறார்.

"மொதல்ல எங்களுக்குக் கூலி, அப்புறந்தான் ஒன் குழாய்க்கு வாஷர்!" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்த, போலீஸ்காரரே சிரித்துவிட்டாராம். வாஷர் கிடைக்கவில்லை. பழைய செருப்பை வெட்டி அவரே ஒன்று செய்துகொண்டார்.

அந்தக் கார்த்திகையில் புயலடித்தது. கடல் ஏறிக் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது. தெருக்குழாயில் சேறு வந்தது. மகளுக்கு வயிற்றுப்போக்கு. காய்ச்சி ஆறிய தண்ணீரை விடாமல் கொடுக்கச் சொன்னார் நர்சம்மா. உப்புத் தண்ணீரைக் காய்ச்சினாலும் உப்புதானே? இருந்த நல்ல தண்ணீர் அரைச் சொம்பு. பிள்ளைக்கு அழக்கூடத் தெம்பில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன்.

காக்கா ஒரு குடத்தோடு வந்து நின்றார். "மழத்தண்ணி டீச்சர். புயலுக்கு முந்தி தார்ப்பாய் கட்டிப் புடிச்சது." ஒரு டம்ளர் மொண்டு என் எதிரிலேயே குடித்துக் காட்டினார்.

"எதுல பிடிச்சு வச்சிருந்தீங்க?"

அவர் குடத்தை அடுப்புக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தார். அப்போதுதான் அவர் கழுத்தைப் பார்த்தேன். பச்சை மப்ளர்.

"காக்கா, டாங்கியில பிடிச்சீங்களா? ஒரு சொட்டு ஈரம் ஆகாதும்பீங்களே!"

"கைப்புள்ள இருக்கிற வீடாச்சே, புயல்னு ரேடியோவுல சொன்னாகளேன்னு..." என்று இழுத்தார். "அதுக்குச் சளி புடிச்சா நான் பாத்துக்குறேன். நீங்க புள்ளையப் பாருங்க."

சந்தேகத்துக்கு இரண்டு தரம் காய்ச்சினேன். குடம் தீருமுன் இன்னொரு குடம் வந்தது. மகள் பிழைத்தாள்.

அடுத்த வருடமே எனக்கு மாற்றல் வந்துவிட்டது. இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ஐப்பசி மழையில் அவள் கழுத்தில் மப்ளரைச் சுற்றும்போதெல்லாம் அந்தக் கால்வாய் நினைவுக்கு வருகிறது. குழாய்க்குக் கட்ட காக்கா இருந்தார். காக்காவுக்குக் கட்டிவிட யாராவது இருக்கிறார்களா என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.