மே ராணியும் கம்பம் பிடித்தவளும்

பொறாமை கெட்ட குணம் என்று சொல்கிறவர்கள் யாரும் அதை முறையாகப் பட்டுப் பார்த்ததில்லை என்பது என் எண்ணம். முறையாகப் பட்டால் நேரம் போவதே தெரியாது. நான் இரண்டு வருடம், வாரத்துக்கு இரண்டு நாள், காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, நடுவில் ஒரு டீ மட்டும் குடித்துவிட்டு, கௌரி அக்கா மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். (வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ஒரு நாள் விடுப்புகூடக் கிடையாது.)

நடந்த இடம், பக்குரங்காவில் ஒரு சமூகக் கூடத்தில் நடக்கும் ஆங்கில வகுப்பு. என் வீட்டுக்காரர் செல்வத்துக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து நாங்கள் ஆக்லாந்துக்கு வந்தபோது, என் ஆங்கிலம் தெருமுனைக் கடையில் (இங்கே அதற்கு டெய்ரி என்று பெயர்) பால் வாங்கும் அளவுக்கு இருந்தது. அதுவும் பால் கண்ணெதிரே இருந்தால்தான், கை காட்டி வாங்க முடியும். எங்கள் மகள் நிலா ஒன்பது வயதில், பள்ளிக்கூட வாசலில் எனக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பளமாக மரியாதையை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பயந்துதான் வகுப்பில் சேர்ந்தேன்.

டீச்சர் பெயர் ஜூடித். இங்கிலாந்தில் ஏதோ ஒரு கிராமத்தில் பிறந்து, நாற்பது வருடத்துக்கு முன் இங்கே வந்தவர். ஆள் வந்தாரே தவிர, காலண்டரை மாற்றிக்கொள்ளவில்லை. பண்டிகையைச் சொல்லிக்கொடுத்தால் மொழி தானாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் கொள்கை. ஆகவே பிப்ரவரி வெயிலில் வியர்க்க வியர்க்க, அவர்கள் நோன்புக்கு முன் கொண்டாடும் பான்கேக் செவ்வாயைப் படிப்போம். வெளியே இலை உதிர்ந்துகொண்டிருக்கும்போது, வசந்தம் வந்துவிட்டதென்று ஈஸ்டர் முட்டை தேடுவோம். டிசம்பரில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பனிமனிதனுக்கு மூக்கு வரைவோம். இந்த ஊரில் எல்லாமே தலைகீழாக இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு யாருக்கும் ஆங்கிலம் வரவில்லை.

கௌரி அக்கா யாழ்ப்பாணம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒல்லியான உடம்பு, பருத்திப் புடவை, கோடு போட்ட மாதிரி கையெழுத்து. பான்கேக் செவ்வாய் அன்று வாணலியோடு ஓடும் பந்தயத்தில், பான்கேக்கை மூன்று தடவை தூக்கிப்போட்டுப் பிடித்துக்கொண்டே ஓடி முதலாவதாக வந்தார். என்னுடையது முதல் வீச்சிலேயே ஜூடித்தின் கைப்பைக்குள் விழுந்தது. ஈஸ்டருக்கு அவர் பதினோரு முட்டை கண்டுபிடித்தார். நான் இரண்டு. அதில் ஒன்று அவர் இரக்கப்பட்டுக் கொடுத்தது. கிறிஸ்துமஸ் புட்டிங்குக்குள் ஒரு காசை ஒளித்து வைப்பது அவர்கள் வழக்கம், கிடைத்தவருக்கு அந்த வருடம் அதிர்ஷ்டமாம். நான் மூன்று துண்டு தின்றேன். காசு கௌரி அக்காவின் முதல் கரண்டியில் வந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். ஜூடித்துக்கு ஒரு சொல் உண்டு, "பிரில்லியண்ட்." லேசில் வாயிலிருந்து வராது. அதை அவர் கௌரி அக்காவைப் பார்த்துப் பதினான்கு தடவை சொல்லியிருக்கிறார், நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தேன். எனக்குச் சொன்னதெல்லாம் "நாட் பேட்." ஒரே ஒரு தடவை அந்த "பிரில்லியண்ட்" என் பக்கம் திரும்பிவிட்டால் போதும், பிறகு ஆங்கிலம் வராவிட்டாலும் பரவாயில்லை என்கிற நிலைக்கு நான் வந்திருந்தேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. செல்வம் ஒரு நாள் என்னை அழைத்துப்போக வந்தவர், காரில் ஏறியதும் சொன்னார்: "அந்தக் கௌரி அக்கா எவ்வளவு தெளிவா பேசுறாங்க பாரு. ஊர்ல என்ன பண்ணிட்டிருந்தாங்களாம்?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். உண்மையிலேயே தெரியாது. இரண்டு வருடத்தில் ஒரு நாளும் நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட வேண்டி வரும் என்ற பயம்தான்.

இப்படி இருக்கும்போது ஏப்ரலில் மே தினப் பாடம் வந்தது. நமக்குத் தெரிந்த, சிவப்புக் கொடி பிடிக்கிற மே தினம் இல்லை. இங்கிலாந்தில் அது வசந்த விழா. ஊருக்கு நடுவே கம்பம் நட்டு, உச்சியில் ரிப்பன்களைக் கட்டி, ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு சுற்றி ஆடுவார்கள். ஒரு பெண்ணுக்குப் பூக்கிரீடம் வைத்து மே ராணி என்பார்கள். மே மாதம் முதல் சனிக்கிழமை, குடும்பத்தையெல்லாம் அழைத்து வகுப்பிலேயே இதை நடத்தப்போவதாக ஜூடித் சொன்னார். ராணி யார் என்பதற்குச் சீட்டுப் போட்டார்கள். குலுக்கியவர் சீனாவிலிருந்து வந்த பெரியவர் லியூ. எடுத்த சீட்டில் இருந்த பெயரை நான் சொல்லவும் வேண்டுமா?

வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில் இருக்கும்போதுதான் ஜூடித் சுவரில் கம்ப ஆட்டத்தின் படத்தைக் காட்டினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். படத்தில் இருந்தது சாட்சாத் நம்முடைய பின்னல் கோலாட்டம். கையில் கோல் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"இது எங்க ஊரிலும் இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் ஆடியிருக்கிறேன்," என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்துச் சொன்னேன்.

ஜூடித்தின் முகம் மலர்ந்தது. தான் ஏழு வயதில் ஆடியது என்றும், அடவெல்லாம் மறந்துபோனது என்றும், நானே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்து முன்னின்று நடத்த வேண்டும் என்றும் சொன்னார். அந்தச் சொல் அவர் உதடு வரை வந்துவிட்டது, நான் பார்த்தேன். ஆடி முடித்ததும் கொடுக்கலாம் என்று நிறுத்தி வைத்ததுபோல் இருந்தது.

இங்கே ஒரு சின்ன உண்மையைச் சொல்லியாக வேண்டும். எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவில் எங்கள் பள்ளியில் பின்னல் கோலாட்டம் நடந்தது உண்மை. நான் மேடையில் இருந்ததும் உண்மை. ஆனால் ஆடவில்லை. கம்பம் பிடித்தேன். (பி.டி. டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இவ நட்டு வச்சா அசைய மாட்டா" என்று எடுத்த முடிவு அது.) பன்னிரண்டு பெண்கள் என்னைச் சுற்றிப் பாவாடை பறக்க ஆட, நான் இரும்புக் குழாயைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த பின்னல் கோலாட்டம் எல்லாம் அந்தக் குழாயடியிலிருந்து பார்த்ததுதான்.

ஒத்திகை இரண்டு நாள் நடந்தது. ரிப்பன்களை ஜூடித் வெளியே எடுக்கவில்லை. அவை அவருடைய அம்மா சொல்லிக்கொடுத்த பள்ளியிலிருந்து வந்த பட்டு ரிப்பன்கள், அம்மா போன பிறகு ஒரு தகரப் பெட்டியில் வந்து சேர்ந்தவை, விழா நாளில்தான் திறப்பேன் என்றார். ஆகவே வெறுங்கையோடு பழகினோம். ரிப்பன் இல்லாததால் என் குட்டு வெளிப்படவில்லை. ராணியைத் தவிர, ஆட வந்த எட்டுப் பேரையும் வட்டமாக நிறுத்தி, நடக்கச் சொன்னேன். நடந்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

கௌரி அக்கா மட்டும் ஓரமாக வந்து மெதுவாகக் கேட்டார்: "மல்லிகா, எல்லாரும் ஒரே பக்கமாத்தான் சுத்துறதோ?"

"ஆமாக்கா. எங்க ஊர்ப் பக்கம் அப்படித்தான்," என்றேன். வெட்டென்று சொன்னேன்.

"ஓம், ஓம். சரி," என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கும் என் மேல் பொறாமை வந்துவிட்டது, அதுதான் சந்தேகம் கேட்கிறார் என்று நான் மகிழ்ந்துபோனேன்.

விழா நாளன்று வெளியே நல்ல மழை. உள்ளே சுவரெல்லாம் காகிதப் பூ. வெள்ளரிக்காய் சாண்ட்விச் அடுக்கியிருந்தது. செல்வம் முதல் வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி தயாராக இருந்தார். பக்கத்தில் நிலா, அம்மா டீச்சராகிவிட்டாள் என்று தோழியையும் கூட்டிவந்திருந்தாள். கம்பம் என்பது பாட்மிண்டன் வலை கட்டும் கம்பத்தைப் பெயிண்ட் வாளியில் சிமெண்ட் ஊற்றி நிறுத்தியது. தொட்டால் ஆடியது. யாராவது பிடித்துக்கொண்டால் தேவலை என்றார் ஜூடித்.

அந்த நொடியில் என் மூளை வேலை செய்த வேகத்தில் ஆங்கிலத்துக்கும் வேலை செய்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். "ராணி நடுவில் நின்றால்தான் மரியாதை. ராணியே பிடிக்கட்டும்," என்றேன். கம்பம் பிடிப்பவளை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது உலகத்திலேயே எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். கௌரி அக்கா மறுபேச்சுப் பேசாமல், தலையில் பூக்கிரீடத்தோடு போய்க் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

பாட்டு தொடங்கியது. எட்டுப் பேரும் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றினார்கள். ஒரே பக்கமாகச் சுற்றினால் பின்னல் எப்படி விழும்? உச்சியிலிருந்து கம்பத்தைச் சுற்றிக்கொண்டே ரிப்பன் இறங்கியது, வட்டம் சுருங்கியது. நாலாவது சுற்றில் கிரீடம் கௌரி அக்காவின் கண்ணுக்கு வந்தது. ஆறாவது சுற்றில் அவரது தோளும் கம்பமும் ஒன்றாகிவிட்டன.

"திரும்புங்க, திரும்புங்க," என்று கத்தினேன். பதற்றத்தில் இரண்டு வருடத்து ஆங்கிலமும் போன இடம் தெரியவில்லை. என் கையசைப்பைப் பார்த்து நாலு பேர் திரும்பினார்கள். லியூ பெரியவர் தலைமையில் மற்ற நாலு பேர் விசுவாசமாக முன்னாலேயே போனார்கள். எதிரும் புதிருமாக, ஒருவர் ரிப்பனுக்கு மேலும் ஒருவர் ரிப்பனுக்குக் கீழும் நுழைந்து போனார்கள். அப்போதுதான் பின்னல் சரியாக விழுந்தது. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நீலமுமாக, அச்சு அசலாக, கௌரி அக்காவின் இடுப்பு வரை விழுந்தது. பார்த்தவர்கள் கைதட்டினார்கள். இங்கிலாந்தில் ராணியை இப்படித்தான் கட்டுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

ஜூடித் கைதட்டவில்லை. செல்வம் சமையலறைக்கு ஓடிக் கத்தரிக்கோலோடு வந்தார். அதைப் பார்த்ததும் ஜூடித் "நோ" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை. அது அம்மாவுடையது என்று மட்டும் சொன்னார். பாட்டை யாரோ நிறுத்தினார்கள். எனக்கு அந்தப் பெயிண்ட் வாளிக்குள் இறங்கிவிடலாம் போல இருந்தது. நிலா என் பக்கமே பார்க்கவில்லை.

அப்போது பின்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மல்லிகா, பயப்பிடாதேங்கோ. ஒருத்தரும் ரிப்பனை விடவேண்டாம். அப்பிடியே நிக்கட்டும். நான் சொல்லுறன்."

பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். கிரீடம் ஒரு கண்ணை மறைத்திருக்க, மறு கண்ணால் முன்னால் நின்றவர்களை மட்டும்தான் அவரால் பார்க்க முடிந்தது. பின்னால் யார் ரிப்பன் இழுபடுகிறது என்பதைத் தோளில் பட்ட இறுக்கத்தை வைத்தே கண்டுபிடித்தார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, நீங்கள் மேலே, நீங்கள் கீழே, நீங்கள் பின்னால் ஓரடி என்று நடத்தினார். இருபது நிமிடம். கடைசி ரிப்பன் கழன்று விழுந்தபோது ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

"பிரில்லியண்ட்," என்றார் ஜூடித். பதினைந்தாவது.

டீ குடிக்கும்போது நானே போய்க் கேட்டேன். "அக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஊரிலை பள்ளிக்கூடத்திலை நடனம் பழக்கினனான். பின்னல் கோலாட்டம் மட்டும் பதினெட்டு வருசம்."

"அப்ப நான் தப்பா சொல்லிக்கொடுத்தது முதல் நாளே தெரியுமா?"

"ஓம்."

"ஏன் சொல்லலை?"

கிரீடத்தில் பிய்ந்த பூவை ஒட்டவைத்துக்கொண்டே சொன்னார்: "நீங்கள் அண்டைக்கு அவ்வளவு சந்தோசமாய் நிண்டு கதைச்சீங்கள். குறுக்கை விழுந்து எப்பிடிச் சொல்லுறது? ரிப்பன் வந்தாப்பிறகு நீங்களே பிடிச்சிடுவீங்கள் எண்டு நினைச்சன்." பூவை அழுத்திவிட்டு நிமிர்ந்தார். "சின்னனிலை நீங்கள் கம்பம் பிடிச்சனீங்கள், என்ன? நடுவிலை நிண்ட பிள்ளையளுக்குத்தான் எல்லாரும் ஒரு பக்கமாச் சுத்துறமாதிரித் தெரியும். அதுவும் லேசான வேலை இல்லை. இண்டைக்கு விளங்கிச்சுது."

திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். என் இரண்டு வருடப் பொறாமை அன்றைக்குத்தான் பூரணமாயிற்று. ஆங்கிலத்தில், கையெழுத்தில், பான்கேக்கில் முந்திக்கொண்டவர், கடைசியில் நல்ல மனசிலும் முந்திக்கொண்டார். அதில் போட்டி போட எனக்கு வழியே இல்லை.

செல்வம் எடுத்த வீடியோ இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்து அதைப் பார்க்காமல் போன விருந்தாளி கிடையாது. நான் எதற்காவது "எனக்குத் தெரியும்" என்று வாயைத் திறந்தால், அது நியூ லின்னுக்குக் குறுக்கு வழியாக இருந்தாலும் புது அலமாரியைப் பொருத்துவதாக இருந்தாலும், இப்போது கல்லூரிக்குப் போகும் நிலா தலையை நிமிர்த்தாமலே கேட்பாள்: "ஓகே, ஹூ இஸ் ஹோல்டிங் த போல்?"

பதில் அவளுக்கும் தெரியும். அடுத்த மே மாதத்திலிருந்து வகுப்பில் ஆட்டத்தை நடத்துவது கௌரி அக்கா. கம்பம் பிடிப்பது நான். எட்டாம் வகுப்பில் கிடைத்த வேலை, பதவி உயர்வே இல்லை. ஆனால் அந்த முதல் வருடம், ஆட்ட நடுவில் வாளி ஒரு பக்கம் சாய்ந்து, கம்பம் மொத்தமும் என் மேல் வந்தபோது நான் இம்மி நகரவில்லை. பின்னல் முழுதாக விழுந்து முழுதாகப் பிரிந்தது. ஜூடித் என் அருகில் வந்து, ரிப்பனைத் தடவிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னார். நோட்டைத் தேடி எடுத்து ஒரு கோடு போட்டேன்.

இந்த வருடம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். வாலிபால் ஆடியவளாம், நல்ல அகலமான தோள். ஒத்திகையன்று என்னிடம் வந்து, "அக்கா, நீங்க உக்காருங்க. நான் புடிச்சுக்கறேன்," என்றாள். நட்டு வைத்தால் அசைய மாட்டாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. வயிறு எரிந்தது.

நான் இரண்டு கையாலும் கம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தேன். கௌரி அக்காதான் ரிப்பன் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அவ விடமாட்டா, பிள்ளை. நீ வந்து ஆடு."