டொக்கு அண்ணனுக்கு ஒரு பட்டம்

போடியில் எத்தனையோ கொத்தனார்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்த உலகத்திலேயே உண்மையான கொத்தனார் ஒருவர்தான் என்பது டொக்கு அண்ணனின் கட்சி. அந்த ஒருவர் அவரேதான்.

அம்மி, ஆட்டுக்கல் கொத்துவது அவர் தொழில். உளிச் சத்தமே பெயராகிவிட்டது. வாரத்தில் நாலு நாள் எஸ்டேட் ஜீப்பில் மலையேறிப் போய்க் கொத்திவிட்டு வருவார். இறங்கும்போது சட்டையெல்லாம் ஏலக்காய் மணக்கும். எங்கள் தெருவில் உட்கார்ந்து அவர் கொத்த ஆரம்பித்தால், மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்தபடியே எனக்குக் கண் சொருகிவிடும். விழித்தால் மணி பதினொன்று. ஆபீஸில் திட்டு விழும்.

நான் வீடு கட்டியபோதுதான் வம்பு. சாரத்தில் நின்று செங்கல் வைத்துக்கொண்டிருந்தவரை "கொத்தனாரே" என்று கூப்பிட்டேன். தெருவில் போன டொக்கு அண்ணன் நின்றுவிட்டார்.

"யாருய்யா கொத்தனாரு? கல்லைக் கொத்துனவனுக்கு வச்ச பேருய்யா அது! பெறகு செங்கல்லு வந்துச்சு. பேரை மட்டும் இவுக தூக்கிட்டுப் போயிட்டாக. எங்கப்பன் சாகுற வரைக்கும் ஒருத்தர் வாயால அதைக் கேக்கல. நானாச்சும் கேக்கணும்ல?"

"செங்கல்லையும் கரண்டியால கொத்தித்தாண்ணே வைக்கிறோம்" என்றார் மேலே நின்றவர்.

"அது கொத்துறதில்லடா, கொறிக்கிறது!"

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள், டொக்கு அண்ணன் யாரும் சொல்லாமலே வந்து, "வழுக்குது" என்று வாசற்படிக் கல்லை முழுக்கக் கொத்திவிட்டார். "இனிமே இதுலயே சட்னி அரைக்கலாம்" என்றாள் என் மனைவி.

மறுநாள் ஒரே சாரல். வீடு கட்டிய கொத்தனாருக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுப்பது வழக்கமாயிற்றே. தட்டில் இருந்தது ஒரே செட். டொக்கு அண்ணனோ தேய்த்த சட்டையில், வராந்தாவில் முதல் நாற்காலியில். எனக்கு வியர்த்துவிட்டது. யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல், செங்கல் வைத்தவருக்குக் கண்ணாலேயே தட்டைக் காட்டினேன். டொக்கு அண்ணன் முகம் தொங்கிவிட்டது.

தட்டை வாங்கித் திரும்பியவர், தானே வழவழவென்று பூசிய ஈரத் தரையில் சறுக்கினார். தட்டோடு போய்க்கொண்டே இருந்தார். வாசற்படியில் கால் பட்டதும் சட்டென்று நின்றார். கொத்திய கல் அவரைப் பிடித்துக்கொண்டது.

குனிந்து படியைத் தடவிப் பார்த்தார். திரும்பி வந்து, துண்டை எடுத்து டொக்கு அண்ணன் தோளில் போட்டார்.

"வேட்டி எனக்கு, துண்டு உங்களுக்கு. பந்தி போட்டாச்சு, வெரசா வாங்க கொத்தனாரே."

டொக்கு அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாரலு" என்றார். கூரைக்கு அடியில்தான் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் வீட்டில் எல்லாம் மிக்சிதான். ஆனாலும் மாதம் ஒரு தடவை அம்மியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி "கொத்தனாரே" என்று கூப்பிடுகிறேன். அவர் திரும்பிப் பார்க்கும் அந்த முகம் எனக்கு வேண்டியிருக்கிறது.